செவந்தியின் நாடி

தொண்ணூற்றிரண்டு… வேறு யாராவதாக இருந்திருந்தால் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன், காலையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிற பொம்பளைக்குத் தொண்ணூற்றிரண்டு துடிப்பெல்லாம் ஒரு சேதியா, வலி இருக்கும், பயம் இருக்கும், வீட்டில் கேஸை அணைத்தோமா என்று நினைத்துக்கொண்டால்கூட நாலு துடிப்பு ஏறத்தான் செய்யும், தலைமாட்டில் இருக்கிற மானிட்டரும் அதைத்தான் சொல்கிறது, பச்சை எழுத்தில் சாந்தமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, கத்தவில்லை. ஆனால் இது செவந்தியின் மணிக்கட்டு. செவந்திக்கு ஏது தொண்ணூற்றிரண்டு? இன்னொரு தடவை எண்ணு செல்வி, ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு, பாதி எண்ணி இரண்டால் பெருக்குகிற சோலியெல்லாம் வேண்டாம்… எண்ணினேன், அதேதான். மத்தியானம் டியூட்டிக்கு வந்து காலை ஷிப்டு பிள்ளையிடம் வார்டை ஒப்புக்கொள்ளும்போது, மூணாவது கட்டில், யூட்ரஸ் எடுத்த கேஸ், ஆவுடையார்கோவில், எல்லாம் நார்மல் சிஸ்டர் என்று அவள் ஒப்பித்துக்கொண்டே நடக்க, நானும் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தேன், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வலது காலின் கட்டைவிரலுக்கு நகம் கிடையாது. ஸ்கூல் படிக்கும்போது வெறுங்காலோடு ஓட்டப் பந்தயத்தில் ஓடிப் பறிகொடுத்த நகம், எத்தனை தடவை அதற்கு நான் கட்டுப் போட்டுப் பழகியிருக்கிறேன். முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெருத்திருக்கிறாள், காதோரம் நரைத்திருக்கிறது, கால் மட்டும் அதே கால்.

இந்த ஊரில் நர்சிங் ஸ்கூலில் எங்களை ஜோடி சேர்த்தது ஆபீஸ் கிளார்க்தான். ஆவூர் மாதா கோயிலில் மரிய செல்வி என்று ஞானஸ்நானம் வாங்கின என்னை அவர் பாட்டுக்கு எம். செல்வி ஆக்கிவிட்டார், செல்விக்கு அடுத்து மீமிசலிலிருந்து வந்த செவந்தி, அடுத்தடுத்த நம்பர்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தி பழக வேண்டும் என்பது எங்கள் டியூட்டர் பிரகதீஸ்வரி மேடத்தின் சட்டம். டெமான்ஸ்ட்ரேஷன் ரூமில் ரப்பர் பொம்மை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும், அதைத் தொட விடமாட்டார், பொம்மைக்குக் கூச்சம் உண்டா, வலி உண்டா, அதில் என்னத்தைக் கற்றுக்கொள்வீர்கள் என்பார். அதனால் மூன்று வருஷம் நான் அவளுக்கு நோயாளி, அவள் எனக்கு நோயாளி. என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றுவாள், நான் அவள் கீழ் இமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், நகத்தை அமுக்கிவிட்டு வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பேன், வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பேன், அதெல்லாம் ஆயிரம் செய்யலாம், கடைசியாக ஆபரேஷன் ஆனவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டே, காத்து பிரிஞ்சுச்சாம்மா என்று, அதை ஒருத்தி கேட்டு முடிக்கும்முன் இன்னொருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும், மேடம் ஸ்கேலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்தச் சத்தம்கூட இப்போது காதில் கேட்கிறது, கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, அப்போது உயிரே போகும்.

முதன்முதலாக நாடி எண்ணச் சொன்ன அன்று நடந்த கூத்தை நினைத்தால்… வகுப்பு மொத்தமும் எழுபத்திரண்டு என்று எழுதி நீட்டியது. புத்தகத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது, எதற்கு வம்பு, புத்தகத்தில் இருப்பதை எழுதினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். மேடம் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே வயித்துல பொறந்த புள்ளைகளா?" என்று கேட்டார். எங்கள் தாள் இரண்டு மட்டும் வேறு மாதிரி. நான் செவந்திக்கு ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்தேன், நேர்மையெல்லாம் ஒன்றும் இல்லை, அந்தப் பாடத்தையே நான் திறந்து பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். செவந்தி எனக்கு நூற்றி நான்கு என்று எழுதியிருந்தாள், மேடம் பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு அப்படித்தான் ஓடும். மேடமே வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துப் பார்த்தார். கடற்கரை மணலில் ஓடி ஓடி வளர்ந்தவள், மாவட்டம் வரை ஓடினவள், நெஞ்சு நிதானமாகத்தான் அடிக்கும் என்றார் அவளை. என்னைப் பார்த்து, நீ முதலில் மூச்சை விடு என்றார். அதுக்கப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகப் போய்விட்டது, எங்கே உட்கார்ந்தாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது, ரிசல்ட் ஒட்டுகிற அன்று, எங்கள் ஊர்த் தேருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை ஹாஸ்டல் பாத்ரூமில் வைத்துச் சுட்டு வார்டனிடம் மாட்டிக்கொண்ட அன்று. வார்டன் கத்துகிறார், எனக்கு நூற்றி இருபதுக்கு எகிறுகிறது, இவள் ஐம்பத்து நான்கிலேயே நின்றுகொண்டு, நாங்க இல்லக்கா, பூனையா இருக்கும் என்கிறாள்.

"செல்வியாடி?" கண்ணை முழுசாகத் திறக்கவில்லை. நான்தான் என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை, ஏதோ காலையில் மெஸ்ஸில் பார்த்துவிட்டு இப்போது திரும்பப் பார்ப்பது மாதிரி, "தண்ணி குடு" என்றாள். தண்ணீர் இப்போது கிடையாது, பஞ்சுத் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன், உறிஞ்சிவிட்டு மறுபடியும் தண்ணி என்றாள். ஆபரேஷன் ஆன எல்லோரும் தண்ணி கேட்கிறவர்கள்தான். கட்டுத்துணி காய்ந்திருக்கிறது. மேலே மட்டும் பார்க்கக் கூடாது, ரத்தம் கீழே இறங்கும், முதுகுக்கடியில் கையை விட்டுப் பார் என்பதும் மேடம் சொன்னதுதான், விட்டுப் பார்த்தேன், அங்கேயும் காய்ந்துதான் இருக்கிறது. பிரஷர் நூற்றிப் பத்து, எழுபது. இமை வெளுத்திருக்கிறது, ஆனால் வருஷக்கணக்காக மாசா மாசம் பெரும்பாடாக ரத்தம் போயிருக்கிறது, வெளுக்காமல் என்ன செய்யும். மூத்திரப் பையில் கொஞ்சம் குறைவாக இருக்கிற மாதிரி… குறைவா, நானாக நினைத்துக்கொள்கிறேனா? காலை ஒரு இடத்தில் வைக்க மாட்டேன் என்கிறாள், மடக்குகிறாள், நீட்டுகிறாள், கொட்டாவி விடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் சொல்லலாம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உள்ளே எங்கேயோ கசிகிறது என்று தோன்றுகிறது, தையல் போட்ட இடத்தில், வெளியே தெரியாமல்.

ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்த கணக்கில் எண்பத்து நான்கு என்று இருக்கிறதே. எண்பத்து நான்கிலிருந்து தொண்ணூற்றிரண்டு, இதற்குப் போய் ஒரு சர்ஜனைக் கூப்பிடுவதா? அது பஸ்ஸில் வந்து இறங்கின பயத்தில் எடுத்ததாக இருக்கலாம், ரத்தம் குறைந்ததால் ஏறியிருக்கலாம், அல்லது… அல்லது இருபது வருஷத்தில் அவளுடைய நாடியே மாறியிருக்கலாம், இரண்டு பிள்ளை பெற்றவள், ஓட்டத்தை விட்டு எத்தனை காலமாயிற்றோ, யார் கண்டது. நான் எந்தச் செவந்தியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்? மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டுகிறவளையா, இந்தக் கட்டிலில் கிடக்கிறவளையா? அவள் வீட்டுக்காரர் கண்ணன் கட்டிலோரம் நின்றுகொண்டு, ஒன்னும் பயமில்லைல்ல சிஸ்டர் என்று கேட்டார், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், ஆவுடையார்கோவிலில் பெயிண்ட் கடையாம், கல்யாணமான நாளிலிருந்து கடையில் இவள்தான் உட்காருகிறாளாம். அப்படியென்றால் நர்ஸ் வேலைக்கே போகவில்லையா? எங்கள் செட்டிலேயே நன்றாக ஊசி போடுகிறவள் இவள், குத்தியதே தெரியாது. இவள் பெயிண்ட் டப்பா விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் இங்கே குத்திக்கொண்டிருந்திருக்கிறேன், என்ன உலகமடா இது.

கடைசிப் பரீட்சை ஞாபகம் வருகிறது, பிராக்டிகல். ஆபரேஷன் ஆன நோயாளியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர், மூக்கு நுனியில் கண்ணாடி, நோயாளிப் பெண் திடீரென்று மாட்டேன் என்று அழுதுவிட்டதால் செவந்தியையே படுக்க வைத்துவிட்டார்கள். நான் ஐம்பத்து நான்கு என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், திரும்ப எண்ணு என்றார். எண்ணினேன், அதேதான் வந்தது. சரியாக எண்ணத் தெரியாமல் மூன்று வருஷம் என்ன படித்தாய் என்று கேட்டார். எழுபது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார், எனக்குத் தெரிந்தது, நாக்கு நுனி வரை எழுபது வந்துவிட்டது, என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அந்த ரூமுக்கே கேட்டிருக்கும். கட்டிலில் படுத்திருந்த செவந்தி கண்ணை மூடிக்கொண்டு, நோயாளி மாதிரியே முனகிக்கொண்டு, விரலால் என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஐம்பத்து நான்குதான் சார், நீங்க வேணா புடிச்சுப் பாருங்க என்றேன். அவர் பிடித்துப் பார்த்தார், ஒரு நிமிஷம் முழுக்க, அந்த ஒரு நிமிஷம் மாதிரி நீளமான நிமிஷம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வரவில்லை. சிரித்துவிட்டார் மனுஷன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், கடைசியாக ஒரு தடவை எண்ணிக்கோ என்றாள், பஸ் எடுத்துவிட்டான், நான் எண்ணி முடிக்கவில்லை. போன் நம்பர் மாறியது, ஊர் மாறியது, எனக்கு ஆலங்குடியில் கல்யாணமாயிற்று… ஆவுடையார்கோவில் என்ன கடல் கடந்தா இருக்கிறது, ஒரு பஸ் ஏறினால் போயிருக்கலாம், போகவில்லை, இரண்டு பேரும்தான் போகவில்லை. இத்தனை நாள் இவளை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்பது இவள் கையைப் பிடித்த பிறகுதான் தெரிகிறது.

போனை எடுத்தேன். டாக்டர் அன்புமொழி சின்ன வயசு, ஆபரேஷன் செய்தவர் அவர்தான், கை சுத்தம், கோபப்படத் தெரியாத பெண், அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது, கத்துகிற டாக்டரிடம் தைரியமாக உளறலாம். பல்ஸ் சொன்னேன், பிரஷர் சொன்னேன், தண்ணீர் கேட்பதையும் காலை மாற்றி மாற்றி வைப்பதையும் சொன்னேன். எல்லாம் லிமிட்டுக்குள்தானே இருக்கிறது சிஸ்டர் என்றார். இவங்களுக்கு இது நார்மல் இல்ல டாக்டர், ஐம்பத்து நாலுதான் நார்மல் என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐம்பத்து நாலா? எங்கயும் இல்லையே. யாரு எடுத்தது?"

"நாந்தான் டாக்டர். ஹாஸ்டல்ல."

சொன்ன பிறகு எனக்கே எப்படியோ இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பிறகு, ஓ.பி.யில் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள், பக்கத்திலேயே இருந்து திரும்ப எண்ணுங்கள், நாலு துடிப்பு ஏறினாலும் கூப்பிடுங்கள் என்றார். நியாயமான பதில். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கண்ணனை வெளியே காபி குடிக்க அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், மற்ற கட்டில்களை ஜூனியர் நர்ஸ் ஜாஸ்பினிடம் பார்க்கச் சொன்னேன், ஒரே நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சீனியர் சிஸ்டரை அவள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள், பார்க்கட்டும்.

செவந்தி கண்ணைத் திறந்தாள். என் விரல் இருக்கிற இடத்தைப் பார்த்தாள், எண்ணிட்டியா என்றாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள், நான் சொல்லவில்லை, இவளிடம் பொய் சொல்ல முடியாது, நிஜம் சொன்னால் இவளுக்குக் கணக்குத் தெரியும். சொல்லாததிலேயே ஏதோ புரிந்துகொண்ட மாதிரி கையைத் திருப்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு விரல், சரியாக அந்த இடத்தில், ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவள். உதடு அசைந்தது. நான் மானிட்டரைப் பார்க்காமல் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது… எழுவத்திரண்டு இருக்கும் போலருக்கே. புத்தகத்துல உள்ள மாதிரி ஆயிட்ட."

சிரிக்கப் பார்த்தாள், வயிறு வலித்து நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்திரண்டா? நானா? எப்போது இறங்கியது, யார் கவனித்தார்கள், எத்தனை ரத்தம், எத்தனை சாவு, எத்தனை டாக்டர்களின் கத்தல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றாக இறங்கி இறங்கி எழுபத்திரண்டில் வந்து நின்றுவிட்டதாக்கும்… வீட்டில் அவருக்கு என் நாடி என்னவென்று தெரியுமா, பிள்ளைகளுக்குத் தெரியுமா, எனக்கே தெரியவில்லையே, ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்ததே இல்லை. அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. நூற்றி நான்காக இருந்த நான் இப்படி மாறியிருக்கிறேன் என்றால், ஐம்பத்து நான்காக இருந்தவள் மட்டும் ஏன் மாறியிருக்கக் கூடாது? ஒரு டாக்டரிடம் போய் ஹாஸ்டல் கதை பேசியிருக்கிறேனே. பழைய செவந்தி வேண்டும் என்கிற ஆசையில் நல்லாயிருக்கிற பெண்ணை நோயாளி ஆக்குகிறேனா? போனைக் கீழே வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாரடி என்று உள்ளுக்குள் ஒருத்தி சொல்கிறாள், நாக்கு நுனியில் எழுபது என்று வந்து நின்றதே, அவளேதான்.

திரும்ப எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. நகத்தை அமுக்கினேன், வெளுத்தது, வெளுத்தபடியே கொஞ்சம் நின்றது, பிறகுதான் சிவந்தது. டாக்டர், வாங்க என்றேன் போனில், வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "வாரேன் சிஸ்டர்" என்றார், ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஓ.பி.யை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். வயிற்றில் ஜெல்லைத் தடவி வைத்துப் பார்த்தார், அவர் முகம் மாறவில்லை, கை மட்டும் ஒரே இடத்தில் நின்றது. கறுப்பாகத் தேங்கியிருந்தது. இவ்வளவு வருஷம் பார்த்த எனக்கு அது ரத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தியேட்டருக்குச் சொல்லுங்க, ரெண்டு யூனிட் பிளட் எடுத்து வைக்கச் சொல்லுங்க என்றார், போகும்போது என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். கண்ணன் காபி டம்ளரோடு திரும்பி வந்து கதவோரம் நிற்கிறார், அவரிடம் என்ன சொன்னேன், ஏதோ சொன்னேன், திறந்து அந்தக் கசிவைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும், சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னேன், அது உண்மைதான், உண்மையாக இருக்க வேண்டும் மாதாவே.

தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் என் மணிக்கட்டை விடவில்லை, தியேட்டர் கதவு வரை பிடித்துக்கொண்டே வந்தாள், கதவில்தான் நானாக விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. எண்ணி முடிக்கலடி என்றாள், நாக்கு குழறியது. வெளிய வந்து எண்ணிக்கோ என்றேன். கதவு சாத்தியாயிற்று, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது, கண்ணன் அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிறார், வார்டில் என்னை எதிர்பார்த்துக்கொண்டு பாதி வேலை கிடக்கிறது, போகலாம், போகத்தான் வேண்டும்… சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அவள் பிடித்திருந்த இடத்திலேயே விரலை வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. எண்ணுவதற்குள் நழுவி நழுவி ஓடுகிறது, நூறைத் தாண்டிவிட்டது, நூற்றி நான்குக்கும் மேலே இருக்கும். யாராவது பார்த்தால் உட்காருங்க சிஸ்டர், தண்ணி குடிங்க என்பார்கள். செல்விக்கு எப்பவும் இப்படித்தான், இது அவளுக்கு நார்மல் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே படுத்திருக்கிறாள்.